இரும்பு நகரத்தில் ஒரு ஃபேரி காதல்

அயர்லாந்தின் மேற்குப் பக்கம் கிளேர் மாவட்டத்தில் லாட்டூன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1999-இல் அந்த வழியாகப் புறவழிச்சாலை போடத் திட்டம் தயாரானபோது, சாலை போகும் தடத்தில் ஒற்றை முள்மரம் ஒன்று நின்றது. ஹாதார்ன் வகை. வெட்டிப் போட அரைமணி நேரம் ஆகாது. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி குறுக்கே வந்தார். அது ஃபேரிகளின் மரம், தெற்கத்தி ஃபேரிகள் கன்னாட் மாகாணத்து ஃபேரிகளோடு சண்டைக்குப் புறப்படும்போது கூடுகிற இடம், அதில் கை வைத்தால் சாலையில் விபத்து நடக்கும் என்று பத்திரிகைக்கு எழுதினார். செய்தி கடல் கடந்து போனது. கடைசியில் மரத்தை விட்டுவைத்தே சாலையைப் போட்டார்கள். டெண்டரும் அளவைக் கருவியும் தார் லாரியுமாக இயங்கும் ஒரு நவீன அரசுத்துறை, ஒரு முள்மரத்துக்கு ஒதுங்கி வழிவிட்டது. அதிகாரிகள் ஃபேரிகளை நம்பினார்கள் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. நம்பாதவர்களும் மரத்தில் கை வைக்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறத் தயங்கினார்கள் என்பதே விஷயம். நவீன நகரத்தில் நடக்கும் ஃபேரி காதல் கதைகளைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தச் சொல்லைத் தூசி தட்டிவிடலாம். ஃபேரி என்றதும் நம் மனதில் வருவது உள்ளங்கை அளவு உடம்பு, தும்பிச் சிறகு, கையில் நட்சத்திரம் பொருத்திய குச்சி. இந்த உருவம் அப்படியொன்றும் பழையதில்லை. விக்டோரியா காலத்துக் குழந்தைப் புத்தகங்கள், 1904-இல் மேடையேறிய 'பீட்டர் பான்', 1923 முதல் வெளிவந்த சிசிலி மேரி பார்க்கரின் பூத்தேவதைப் படங்கள் எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்லச் செதுக்கிய பொம்மை அது. அதற்கு முந்தைய ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்கள் பயந்த ஃபேரி வேறு. ஆள் உயரம், ஆளை மயக்கும் அழகு, தமக்கென்று அரசவை, சட்டம், பகை. பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடப் பயந்து "நல்லவர்கள்" என்று சொல்லிவைத்தார்கள்; அம்மை போட்டதை "முத்து" என்று சொல்கிற நமக்கு அந்தப் பயம் புரியும். அயர்லாந்தின் டிப்பரரியில் 1895-இல் பிரிஜட் கிளியரி என்ற 26 வயதுப் பெண்ணை அவள் கணவனே எரித்துக் கொன்றான். இவள் என் மனைவி இல்லை, ஃபேரிகள் அவளைத் தூக்கிப் போய் மாற்றாளை விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்பது அவன் வாதம். பொம்மைக்கு நடுங்கி யாரும் கொலை செய்வதில்லை. இன்றைய எழுத்தாளர்கள் பலர் ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்ஸர் 1590-இல் அச்சிட்ட காவியத்தில் உள்ள பழைய எழுத்துக்கூட்டலில் அந்தச் சொல்லை எழுதுவது இந்த வேறுபாட்டைக் காட்டத்தான். தமிழில் தேவதை என்று பெயர்த்தால் மறுபடியும் பொம்மையே வந்து நிற்கும். நம்மிடம் இருக்கும் சொற்களில் அணங்கு ஓரளவு பொருந்தும்: அழகு, தெய்வத்தன்மை, தாக்கி வருத்தும் ஆற்றல் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. காமத்துப்பாலின் முதல் அதிகாரமே தகையணங்குறுத்தல். எதிரே வந்தவள் அணங்கா மானிடப் பெண்ணா என்று தலைவன் திகைப்பதில்தான் அது தொடங்குகிறது. ஆனாலும் அணங்குக்கு அரசவையும் ஒப்பந்தமும் கிடையாது. எனவே ஃபேரி ஃபேரியாகவே இருக்கட்டும்.

இந்த ஃபேரிகளை நகரத்துக்குக் கூட்டி வந்ததில் அமெரிக்க எழுத்தாளர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1987-இல் வந்த எம்மா புல்லின் 'வார் ஃபார் தி ஓக்ஸ்' நாவலில் மினியாபொலிஸ் நகரத்து ராக் இசைக்காரி எடி, இரண்டு ஃபேரி அரசவைகளின் போருக்கு நடுவே மாட்டிக்கொள்கிறாள். சாகாத அவர்கள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டுமானால் களத்தில் சாகக்கூடிய ஒரு மனித உயிர் இருந்தாக வேண்டும்; அதற்காகவே அவளைப் பிடிக்கிறார்கள். நிகோலெட் மால் என்ற கடைவீதி, மின்னஹாஹா அருவி என்று அந்த ஊர்க்காரர்கள் தினமும் பார்க்கும் இடங்களில் கதை நடக்கிறது. எடி வளர்ந்த பெண். பதின்வயதினருக்கென்றே இந்த வகையை ஊன்றியவர் ஹாலி பிளாக்: 2002-இல் 'டைத்', 2005-இல் 'வேலியன்ட்'. 2007-இல் மெலிசா மாரின் 'விக்கட் லவ்லி' வந்தது. பிறகு வந்தவை ஏராளம். அவற்றில் பெரும்பகுதி ஒரே அச்சில் வார்த்தவை. பதினாறு பதினேழு வயதுப் பெண், பள்ளிக்கூடம், காபிக் கடை. கடைக்குள் ஒருநாள் கூரிய காதுகளோடு ஒரு பேரழகன் நுழைகிறான், இளவரசனாம், முந்நூறு வயதாம். அடுத்த நானூறு பக்கத்துக்கு அவன் புருவத்தை உயர்த்துவதும் அவளுக்கு மூச்சு முட்டுவதும்தான். காபிக் கடையை எடுத்துவிட்டு ஒரு குதிரை லாயத்தை வைத்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. அங்கேதான் கோளாறு. இந்த வகைக் கதையில் காதலைத் தாங்கி நிற்பது ஃபேரிக்கு இருக்கும் பழைய தளைகள். நகரம் அந்தத் தளைகளை இறுக்க வேண்டும். இரண்டில் ஒன்று தளர்ந்தாலும் மிஞ்சுவது வேஷம் கட்டிய சாதாரணக் காதல் கதை.

இரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபேரிக்கு இரும்பு ஆகாது என்பது அந்த நாடுகளின் தொல்நம்பிக்கை. வாசற்படிக்கு மேலே குதிரைலாடம், தொட்டிலுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோல். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் இரும்புத் துண்டு வைப்பதும், கறிச்சோறு எடுத்துப் போகும் தூக்குச்சட்டியில் கரித்துண்டு போடுவதும் பார்த்தவர்கள்தானே. காட்டில் நடக்கும் கதையில் இரும்பு ஒரு வாள், ஓர் அம்புமுனை, அவ்வளவுதான். நகரத்திலோ எங்கு திரும்பினாலும் இரும்பு: தண்டவாளம், மின்தூக்கி, கான்கிரீட்டுக்குள் ஓடும் கம்பி, கடை ஷட்டர். அப்படியானால் நகரத்தில் வாழும் ஃபேரி எப்படி உயிரோடு இருக்கிறான்? பெரும்பாலான எழுத்தாளர்கள் இந்தக் கேள்வியைப் பார்க்காத மாதிரி கடந்துவிடுகிறார்கள். 'வேலியன்ட்' இந்தக் கேள்வியிலிருந்தே பிறந்த நாவல். அரசவையிலிருந்து துரத்தப்பட்டு நியூயார்க்கில் ஒதுங்கிய ஃபேரிகளை இரும்பு மெல்லக் கொல்கிறது. மன்ஹாட்டன் பாலத்தின் உள்ளே மறைந்து வாழும் ரேவஸ் என்ற பூதம் அந்த நோய்க்கு மருந்து காய்ச்சிக் கொடுக்கிறான். வீட்டைவிட்டு ஓடிவந்து, கைவிடப்பட்ட சுரங்க ரயில் நிலையத்தில் படுத்துறங்கும் பிள்ளைகள் அந்த மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். மனித உடம்பில் ஏற்றிக்கொண்டால் அதே மருந்து மாயசக்தி தரும் என்று கண்டுபிடித்து, ஊசி போட்டுப் போட்டு அதற்கே அடிமையாகிறார்கள். ஓடிவந்த வால் என்ற பதினேழு வயதுப் பெண்ணும் அதில் விழுகிறாள். அவளுக்குக் காதல் வருவதும் பேரழகன் மேலில்லை, அந்தப் பூதத்தின் மேல். ஒரு பழைய நம்பிக்கை மாநகரத்துக்குள் நுழைந்ததும் நோயாகி, மருந்தாகி, கூலிவேலையாகி, போதையாகிறது. ஒவ்வொரு படியும் முந்தையதிலிருந்து தானே இறங்குகிறது. இளையோருக்கான அறிவியல் புனைவு, மிகைபுனைவு நூல்களுக்கென்று ஆண்ட்ரே நார்ட்டன் பெயரில் விருது நிறுவியபோது முதலில் அதைப் பெற்றது இந்த நூல். தகுதிதான்.

அடுத்த தளை சொல். ஃபேரியால் பொய் சொல்ல முடியாது. கொடுத்த வாக்கை மீற முடியாது. உண்மைப் பெயர் தெரிந்தவர் இட்ட கட்டளையைத் தட்ட முடியாது. காதல் கதைக்கு இதைவிட வசதியான விதிகளை யாராலும் யோசித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. பொய் சொல்ல முடியாதவன் தன் மனதை மறைக்க வேண்டுமானால் வார்த்தையை வளைக்க வேண்டும், பாதி சொல்லிப் பாதி விட வேண்டும். அவன் என்ன சொன்னான் என்பதைவிட எதைச் சொல்லாமல் விட்டான் என்று அவள் கணக்குப் போட வேண்டும். காதலிக்கும் எந்தப் பதினேழு வயதுப் பிள்ளையும் குறுஞ்செய்தியை முப்பது முறை படித்து இந்தக் கணக்கைத்தானே போடுகிறது? 'டைத்' நாவலில் கே என்ற பெண், இரும்புமுனை அம்பு தைத்துக் கிடக்கும் ராய்பென் என்ற ஃபேரி வீரனைக் காப்பாற்றுகிறாள். அவன் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கும்போது முழுப்பெயரைக் கேட்டு வாங்கிவிடுகிறாள். அந்தப் பெயரின் வலிமை அவளுக்குத் தெரியாது. பிறகு கோபத்தில் பெயர் சொல்லி ஒரு வசவை வீசுகிறாள். பேச்சுவழக்கில் யாரும் பொருட்படுத்தாத அந்த வசவு சொல்வதை அவன் அப்படியே நிறைவேற்ற வேண்டி வருகிறது. சிரிப்பாகத்தான் தொடங்குகிறது. அடுத்த கணமே ஓர் ஆளை முழுசாக ஆட்டிவைக்கும் அதிகாரம் தன் கையில் இருப்பது அவளுக்கு உறைக்கிறது. நேசிக்கத் தொடங்கியவன் மேல் அப்படி ஓர் அதிகாரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பயன்படுத்தினால் அவன் பொம்மை. பயன்படுத்தாவிட்டால் உயிருக்கு ஆபத்து. ஒரு விதியிலிருந்து நேரே ஒரு தார்மீகக் கேள்வி கிளைத்துவிட்டது, யாரும் பிரசங்கம் செய்யாமலே.

உண்ணாதே, குடிக்காதே என்பது இன்னொரு பழைய விதி. ஃபேரி தரும் உணவைத் தொட்டவர் திரும்பி வர முடியாது. 'விக்கட் லவ்லி'யில் ஆஷ்லினுக்கு ஃபேரிகள் கண்ணுக்குத் தெரிவார்கள். தெரிகிறது என்று காட்டிக்கொள்ளாமலிருக்கப் பாட்டி பழக்கியிருக்கிறாள்: முறைத்துப் பார்க்காதே, பேசாதே, அவர்கள் கவனத்தை இழுக்காதே. இரவில் தனியே வீடு திரும்பும் பெண்ணுக்கு எந்த நகரத்திலும் சொல்லித்தரும் பாடம்தான் இதுவும். கோடை அரசன் கீனன் அவளை விரும்பிப் பின்தொடர்கிறான். ஒரு விழா இரவில் அவர்கள் தரும் மதுவைக் குடித்து ஆடுகிறாள். மறுநாள் அவன் வீட்டில் கண்விழிக்கும்போது இரவு என்ன நடந்தது என்று நினைவில்லை. பக்கத்தைப் படிக்கும் பெண்ணுக்கு வயிற்றைப் பிசையும் இடம் அது. பாட்டிக் கதையின் எச்சரிக்கையும் இன்றைய விருந்துகளில் கோப்பையை மூடிவைத்துக்கொள்ளச் சொல்லும் எச்சரிக்கையும் ஒரே வாக்கியமாகிவிடுகின்றன. அவளுடைய மனிதக் காதலன் செத் குடியிருப்பது பழைய ரயில்பெட்டியில். சுற்றிலும் எஃகு, ஃபேரிகள் உள்ளே வர முடியாது. பாதுகாப்பான காதல் எங்கே இருக்கிறது என்பதை ஒரு ரயில்பெட்டி சொல்லிவிடுகிறது. முடிவில் ஆஷ்லின் கோடை அரசியாகச் சம்மதிக்கிறாள், ஆனால் பேரம் பேசி: படிப்பை விடமாட்டேன், செத்தை விடமாட்டேன். மகுடத்துக்கு நிபந்தனை போடும் அந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கிறது.

காதலைத் தாங்கி நிற்பது இந்தத் தளைகள்தான் என்பதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இந்த விதிகளையெல்லாம் உடைத்தவர்தான் இன்று உச்சத்தில் இருக்கிறார் என்பார்கள். 2015-இல் வந்த சாரா ஜே. மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்' நாவலில் இரும்பு ஃபேரியை ஒன்றும் செய்யாது. அவர்கள் பொய்யும் சொல்வார்கள். மனிதர்கள் நம்பியதெல்லாம் கட்டுக்கதை என்று நாயகி தெரிந்துகொள்கிறாள். அவருடைய புத்தகங்களின் விற்பனையோ மலைக்க வைப்பது. அப்படியானால் இரும்பும் வாக்கும் வெறும் பழமைப் பித்தா? நூலைக் கவனித்துப் பார்த்தால் மாஸ் விதிகளைத் தூக்கி எறியவில்லை, இடம் மாற்றியிருக்கிறார். இரும்புக்குப் பதில் ஆஷ் மரம் கொல்லும். வாக்குக்குப் பதில் பேரம். பேசிமுடித்த பேரம் நாயகியின் கையில் பச்சையாகக் குத்தப்பட்டு நிற்கிறது, அழிக்க முடியாது. இரும்பு பலிக்காது என்று அவள் அறியும் இடமே திடுக்கிட வைப்பதற்குக் காரணம், பலிக்கும் என்று வாசகர் ஏற்கெனவே நம்பியிருப்பதுதான். விதியை உடைப்பவர் விதியின் கடனாளி. தவிர, அந்தக் கதை நவீன நகரத்தில் நடப்பதில்லை; கைப்பேசியும் காவல்துறையும் உள்ள மாநகரத்துக்கு மாஸ் 2020-இல் தொடங்கிய வேறொரு வரிசையில்தான் வந்தார், அதுவும் அவரே கற்பனையாகக் கட்டிய நகரம். இரும்பு இல்லாத இடத்தில் இரும்பைக் கைவிடுவது எளிது. மன்ஹாட்டனில் கைவிடுவதானால் காரணம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மறுப்பை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. நூற்றாண்டுகள் வாழ்ந்த, பலம் மிகுந்த ஓர் ஆண், பதினாறு வயதுப் பெண்ணைப் பின்தொடர்கிறான், கடத்துகிறான், மயக்குகிறான். இதைக் காதல் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? பல நாவல்களைப் பொறுத்தவரை பதில், கூடாது. கண்காணிப்பை அக்கறை என்றும் மிரட்டலைத் தாபம் என்றும் விற்கும் புத்தகங்கள் இந்த அலமாரியில் நிறைய உண்டு. ஆனால் கோளாறு இந்த வகைக்கே உரியது என்பதை ஏற்க முடியவில்லை. இதற்கெல்லாம் மூத்த கதையைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் செல்கர்க் ஊருக்குப் பக்கத்தில் எட்ரிக், யாரோ என்ற இரண்டு ஆறுகள் கூடும் கார்ட்டர்ஹாவைச் சொல்லும் 'டாம் லின்' என்ற கதைப்பாடல். 1549-இலேயே இக்கதை பேச்சில் இருந்ததற்கு நூற்சான்று உண்டு. போகாதே என்று தடுத்த காட்டுக்கு ஜேனட் போகிறாள், ஃபேரி அரசியின் பிடியில் இருக்கும் டாம் லின்னோடு கூடுகிறாள், கருவுறுகிறாள். ஏழாண்டுக்கு ஒருமுறை நரகத்துக்குச் செலுத்தும் கப்பமாக அவனைக் கொடுக்கப் போகிறார்கள். ஹாலோவீன் நள்ளிரவில் ஃபேரி ஊர்வலம் போகும்போது அவனைக் குதிரையிலிருந்து இழுத்துக் கட்டிப்பிடிக்க வேண்டும். பிடித்த கைக்குள் அவன் பாம்பாவான், சிங்கமாவான், பழுக்கக் காய்ச்சிய இரும்பாவான், விடக்கூடாது. அவள் விடவில்லை. மீட்பவள் பெண்; மீட்கப்படுபவன் ஆண். வழியும் நிபந்தனையும் முன்கூட்டியே தெரிந்திருப்பதால்தான் அவளால் அது முடிகிறது. வலிமையில் சமமில்லாத இருவருக்கு இடையே எளியவர் பிடித்துக்கொள்ள இருக்கும் ஒரே கயிறு விதிதான். அதை எடுத்துவிட்டால் பெண்ணுக்கு மிஞ்சுவது அவன் நல்லவனாக இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை மட்டும். 2018-இல் வந்த 'தி குரூயல் பிரின்ஸ்' நாவலில் ஹாலி பிளாக் இதை இன்னும் ஒரு முறுக்கு முறுக்குகிறார்: ஃபேரிகளுக்கு நடுவே வளரும் ஜூட் என்ற மனிதப் பெண்ணுக்கு எந்த மாயமும் தெரியாது, ஆனால் பொய் சொல்லத் தெரியும். அவர்களால் ஆகாத அந்த ஒன்றை வைத்தே அரசியல் செய்கிறாள். வயது வித்தியாசம் என்ற உறுத்தல் இதனால் தீர்ந்துபோகாது. எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அதற்குப் பதில் தேடியாக வேண்டும்.

நகரம் எதற்கு, காட்டிலேயே விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ராபர்ட் கிர்க்கைக் காட்டலாம். ஸ்காட்லாந்தின் அபர்ஃபாயில் ஊர்ப் போதகர். 1691-இல் ஃபேரிகளைப் பற்றி, ஓர் அயல்நாட்டு மக்களைப் பற்றி எழுதுவதுபோல நிதானமாக ஒரு குறிப்பேடு எழுதிவைத்தார். அதில் வரும் தகவல்களில் ஒன்று: ஃபேரிகள் வருடத்துக்கு நான்கு முறை, காலாண்டுக்கு ஒருமுறை வீடு மாறுவார்கள். முந்நூறு ஆண்டுக்கு முந்தைய கிராமத்துப் போதகர் வரைந்த படத்தில் இருப்பவர்கள் ஏறக்குறைய வாடகைக்குடித்தனக்காரர்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத இடம், முகத்தைவிடக் கையெழுத்துக்கு மதிப்புள்ள இடம், ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தைப் படிக்காதவர் அகப்பட்டுக்கொள்ளும் இடம் நகரம். ஃபேரிகளின் குணமும் அச்சு அசலாக அதுதான்.

இந்த வகையில் எழுத ஆசைப்படும் இளைஞர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இவற்றைப் படித்து வளர்ந்த தலைமுறை. மினியாபொலிஸின் அரசவைகளை அப்படியே தூக்கிவந்து அண்ணாசாலையில் இறக்கினால் ஒட்டாது. அந்தக் கதைகள் அந்த மண்ணின் பயங்களிலிருந்து வந்தவை. கதை எந்த ஊரில் நடந்தாலும், நாயகனின் கண் நிறத்தைத் தீர்மானிப்பதற்கு முன் சில கேள்விகளுக்குத் தாளில் பதில் எழுதிவிடுங்கள். இவனை எது வருத்தும், அது இந்த ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது? இவன் எதைச் சொல்ல முடியாது? இவளுக்கு இவனிடம் என்ன கடன், இவனுக்கு இவளிடம் என்ன கடன்? கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் அவள் யாருக்கு போன் செய்வாள்? காபிக் கடைக் காட்சியை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.